ஏன் 4 சதவீதம்? பணவீக்க இலக்கு பற்றி வாசகர் கேள்விகள்

ரிசர்வ் வங்கி வட்டியைப் பற்றி வாய் திறக்கும்போதெல்லாம் வந்து விழும் ஒரு சொல், 'பணவீக்க இலக்கு'. விலைவாசி ஆண்டுக்கு இவ்வளவுதான் ஏற வேண்டும் என்று வைத்த அந்த இலக்கு 4 சதவீதம் என்பது பலருக்கும் தெரிகிறது. ஏன் 4, யார் வைத்தது, தவறினால் யார் பதில் சொல்வது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: ஏன் 3 இல்லை, ஏன் 5 இல்லை? இந்த 4-ஐக் கண்டுபிடிக்கச் சூத்திரம் ஏதாவது உண்டா?
– ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், கும்பகோணம்

கணக்கு வாத்தியாருக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும், சூத்திரம் கிடையாது. மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை என்று இரண்டு எல்லைகளைக் கணக்கிடலாம். நடுவே எங்கே கோடு போடுவது என்பதில் கணக்கு பாதி, தீர்மானம் பாதி.

கூரையை இப்படிக் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு நாட்டின் பல ஆண்டுப் பணவீக்கத்தையும் வளர்ச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், விலையேற்றம் குறைவாக இருக்கும்வரை வளர்ச்சிக்குப் பெரிய சேதம் தெரியாது. ஒரு புள்ளியைத் தாண்டியதும் வளர்ச்சி அடிவாங்கத் தொடங்கும். முதலீட்டாளர் நாளைய விலையை ஊகிக்க முடியாமல் கையைக் கட்டிக்கொள்வார், சேமிப்பு வங்கியை விட்டுத் தங்கத்துக்கும் மனைக்கும் ஓடும். இந்தத் திருப்புமுனை இந்தியாவுக்கு ஏறத்தாழ 6 என்பது ரிசர்வ் வங்கியின் 2021 ஆய்வறிக்கை வந்து சேர்ந்த இடம். தரை 2 என்றும் அதே அறிக்கை சொல்கிறது: அதற்குக் கீழே போனால் வளர்ச்சி பாதிக்கும்.

6-க்கும் 2-க்கும் நடுவே 4 என்று வெறுமனே பாதியாக வெட்டிவிட்டார்களா என்று கேட்பீர்கள். 4 அதற்கு முன்பே இருந்தது. 1985-லேயே ரிசர்வ் வங்கி அமைத்த சுகமய் சக்கரவர்த்தி குழு, ஆண்டுக்கு 4 சதவீத விலையேற்றம் பொறுத்துக்கொள்ளத்தக்கது என்று எழுதியது. அன்று அளவுகோல் மொத்த வியாபார விலைக் குறியீடு. 2014 ஜனவரியில் உர்ஜித் படேல் குழு அதே 4-ஐச் சில்லறை விலைக் குறியீட்டுக்கு மாற்றி, மேலும் கீழும் 2 சதவீதப் புள்ளி விலகலாம், அதாவது 2 முதல் 6 வரை போகலாம் என்று பரிந்துரைத்தது. 2013 இறுதியில் சில்லறைப் பணவீக்கம் 11-ஐத் தாண்டியிருந்ததால் ஒரே தாவலில் 4-க்குப் போகச் சொல்லவில்லை. 12 மாதத்துக்குள் 8, 24 மாதத்துக்குள் 6, அதன்பிறகே 4 என்று படிகட்டிக் கொடுத்தது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசும் ரிசர்வ் வங்கியும் ஒப்பந்தம் போட்டன. 2016-ல் ரிசர்வ் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆகஸ்ட் 5 அன்று அரசிதழில் இலக்கு ஏறியது. 2021 மார்ச் 31 அன்று இன்னொரு ஐந்தாண்டுக்கு அதே எண் நீட்டிக்கப்பட்டது.

இடையில் ஒரு சோதனையும் நடந்தது. மாதாமாதம் மேலும் கீழும் ஆடும் பணவீக்கத்திலிருந்து ஆட்டத்தை வடிகட்டிவிட்டால் அடியில் மிஞ்சும் போக்கு ஒன்று இருக்கும். இலக்கு வருவதற்கு முன் அது 9-க்கு மேல் இருந்தது, வந்தபின் 3.8-க்கும் 4.3-க்கும் நடுவே இறங்கியது. இலக்கும் இந்தப் போக்கும் ஒன்றையொன்று ஒட்டி இருப்பதுதான் முக்கியம். போக்கு 4 ஆக இருக்கும்போது இலக்கை 2 என்று வைத்தால், நடுவிலுள்ள 2 புள்ளியை இறக்க வட்டியை உயர்த்தி, உற்பத்தியையும் வேலையையும் விலையாகக் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: விலையே ஏறக்கூடாது என்று பூஜ்ஜியத்தை இலக்காக வைத்தால் என்ன? ஏழைகளுக்கு அதுதானே நல்லது?
– இல்லத்தரசி, விருதுநகர்

நியாயமான கேள்வி. பூஜ்ஜியம் வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் மூன்று. மூன்றும் வேறு வேறு இடத்திலிருந்து வருபவை.

முதலாவது அளவுகோலில் உள்ள பிழை. விலைக் குறியீடு ஒரு கூடைப் பொருளை வைத்து அளக்கிறது. கத்தரிக்காய் விலை ஏறினால் நீங்கள் சுரைக்காய்க்கு மாறிவிடுவீர்கள், கூடை மாறாது. ஐந்தாண்டுக்கு முந்தைய போனும் இன்றைய போனும் ஒரே விலை என்றால் தரம் கூடியிருக்கிறது என்று பொருள். அதையும் குறியீடு முழுதாகப் பிடிப்பதில்லை. அதனால் குறியீடு உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். அமெரிக்காவில் 1996-ல் பாஸ்கின் குழு இந்தப் பிழையை ஆண்டுக்கு 1.1 புள்ளி என்று கணித்தது. குறியீடு பூஜ்ஜியம் காட்டினால் உண்மையில் விலைகள் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது கூலி. தொழில் மந்தமான ஆண்டில் ஒரு மில் முதலாளி யாருடைய சம்பளத்தையும் 2 சதவீதம் வெட்ட முடியாது, வெட்டினால் மறுநாள் கேட்டில் கூட்டம் நிற்கும். சம்பளத்தை ஏற்றாமல் விட்டுவிடலாம். பணவீக்கம் 4 ஆக இருந்தால், ஏற்றாமல் விட்டதே 4 சதவீத வெட்டுக்குச் சமம். கசப்பான உண்மைதான். ஆனால் இந்த இடம் இல்லாவிட்டால் மிஞ்சும் வழி ஆட்குறைப்பு.

மூன்றாவது வட்டி. மத்திய வங்கிக்கு இது எல்லாவற்றையும்விடப் பெரியது. விலையேற்றத்தைக் கழித்தபின் நிற்கும் 'இயல்பான உண்மை வட்டி' இந்தியாவுக்கு 1.4 முதல் 1.9 வரை என்று 2024-ல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் கணித்தார்கள். சுமாராக 1.5 என்று வையுங்கள். இலக்கு 4 என்றால் சாதாரணக் காலத்தில் ரெப்போ வட்டி, அதாவது வங்கிகளுக்குக் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி, 5.5-ஐ ஒட்டி இருக்கும். 2019 தொடக்கத்தில் 6.5 ஆக இருந்த ரெப்போ, கொரோனா வந்த 2020 மே மாதம் 4-க்கு இறங்கியது, 2.5 புள்ளி வெட்டு. இலக்கு பூஜ்ஜியமாக இருந்திருந்தால் சாதாரண வட்டியே 1.5 தான், 2.5 வெட்ட இடம் ஏது? அமெரிக்கா 2007 செப்டம்பரிலிருந்து 2008 டிசம்பருக்குள் 5 புள்ளி வெட்டி, பூஜ்ஜியத்தில் போய் முட்டி நின்றது. ஜப்பான் 1999-லேயே அங்கே போய்ச் சேர்ந்து, பல ஆண்டுகள் எழ முடியாமல் கிடந்தது.

ஏழைகள் விஷயத்துக்கு வருகிறேன். விலை இறங்கினால் கடனின் பாரம் ஏறும். வட்டிக்கு வாங்கிய 50,000 ரூபாய் அப்படியே நிற்கும்; அதை அடைக்க விற்கும் நெல்லுக்கோ நெய்யும் சேலைக்கோ விலை குறைந்துகொண்டே போகும். சேமிப்பு உள்ளவருக்குப் பணவாட்டம் எனப்படும் இந்த விலையிறக்கம் இனிக்கலாம், கடனில் இருப்பவருக்கு இனிக்காது.

கேள்வி: பணக்கார நாடுகள் எல்லாம் 2 சதவீதம் வைத்திருக்கின்றனவே, அது எப்படி வந்தது?
– கல்லூரி மாணவி, திருச்சி

நியூசிலாந்திலிருந்து. 1980-களில் அங்கே பணவீக்கம் 15 சதவீதத்தைத் தாண்டியது. 1988 ஏப்ரல் 1 அன்று நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், பணவீக்கத்தைப் பூஜ்ஜியத்துக்கோ 0 முதல் 1 வரைக்கோ கொண்டுவர நினைப்பதாகச் சொல்லிவைத்தார். அளவுகோலில் ஏறத்தாழ ஒரு புள்ளி பிழை இருக்கும் என்று கூட்டிக்கொண்டு, 1990-ல் அரசும் மத்திய வங்கியும் எழுதிய முதல் ஒப்பந்தத்தில் '0 முதல் 2' ஆனது. ஏப்ரல் முதல் தேதிப் பேச்சு உலகக் கொள்கை ஆயிற்று என்று இன்றும் கேலி செய்பவர்கள் உண்டு.

நியூசிலாந்தே அந்த எண்ணில் நிற்கவில்லை என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1996-ல் 0–3, 2002-ல் 1–3 என்று நகர்ந்தது. கனடா 1991-ல் தொடங்கி, 1995 இறுதிக்குள் 2 என்று படிப்படியாக இறங்கியது. பிரிட்டன் 1992-ல் 1–4 என்று ஆரம்பித்து 2003 டிசம்பரில் 2-க்கு வந்தது. அமெரிக்கா வெளிப்படையாக 2 என்று எழுதியது 2012 ஜனவரியில்தான். ஜப்பான் 2013 ஜனவரியில். நிறைய நாடுகள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டபின் அதிலேயே ஒரு நன்மை பிறந்தது: இரு நாடுகளின் இலக்கும் ஒன்றென்றால், பணவீக்க வித்தியாசத்தால் நாணய மதிப்பு ஆண்டுதோறும் தேயத் தேவையில்லை. 2008 நெருக்கடிக்குப் பின், 2 போதாது, 4 ஆக்கலாமா என்று பன்னாட்டு நிதியத்தின் அன்றைய தலைமைப் பொருளாதார நிபுணர் ஒலிவியே பிளான்ஷார் 2010-ல் கேட்டார். பணக்கார நாடு எதுவும் துணியவில்லை.

கேள்வி: தக்காளி விலை ஏறினால் ரிசர்வ் வங்கி வட்டியை ஏற்றுமா? வட்டி ஏறினால் தக்காளி காய்க்குமா? உணவை ஒதுக்கிவிட்டு இலக்கு வைக்க வேண்டியதுதானே?
– மளிகைக் கடை உரிமையாளர், ஒட்டன்சத்திரம்

ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளிக் கேள்வி வராமல் வேறு எங்கிருந்து வரும்!

முதலில் தக்காளியின் எடையைப் பாருங்கள். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட சில்லறை விலைக் குறியீட்டில் 100-க்குத் தக்காளியின் பங்கு 0.57, வெங்காயம் 0.64, உருளைக்கிழங்கு 0.98. மூன்றும் சேர்த்தாலும் 2.2-ஐத் தொடாது. ஆனால் தக்காளி ஏறினால் 5, 10 சதவீதம் ஏறுவதில்லை. கிலோ 30 ரூபாய் 90 ஆகும், அதாவது 200 சதவீதம். 0.57-ஐ 2-ஆல் பெருக்கினால் 1.14. நாட்டின் மொத்தப் பணவீக்கத்தில் ஒரு புள்ளிக்கு மேல் தக்காளி ஒன்றே தூக்கிவிடும். துல்லியமாகச் செய்ய அடிப்படை ஆண்டுக்குப் பின் தக்காளியும் மொத்தக் குறியீடும் எவ்வளவு ஏறின என்பதையும் சேர்க்க வேண்டும். கைக்கணக்குக்கு இது போதும்.

2023-ல் இதுதான் நடந்தது. ஜூனில் 5-க்குக் கீழே இருந்த பணவீக்கம் ஜூலையில் 7.44. ஆகஸ்டில் கூடிய, வட்டியைத் தீர்மானிக்கும் ரிசர்வ் வங்கிக் குழு ரெப்போவை 6.5-லேயே விட்டது. செப்டம்பரில் 5.02. வட்டி முடிவின் விளைவு விலைக்கு வந்துசேர மூன்று, நான்கு காலாண்டு பிடிக்கும். தக்காளி மறுபடி காய்க்க மூன்று மாதம் போதும். வட்டியை ஏற்றியிருந்தால், மருந்து வேலை செய்யத் தொடங்கும்போது நோய் போயே போயிருக்கும். ஆகவே தக்காளிக்காக வட்டி ஏறாது என்பதே பதில்.

அப்படியானால் உணவைக் கழித்துவிட்டு, மீதியில் மட்டும் இலக்கு வைக்கலாமே என்ற யோசனையை 2023–24 பொருளாதார ஆய்வறிக்கையே எழுப்பியது. 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கை பொதுமக்களிடம் கேட்ட நான்கு கேள்விகளில் முதலாவதும் இதுதான். எங்கள் கருத்து: கூடாது. அந்தக் கூடையில் உணவு, பானங்களின் பங்கு 45.86, கிராமத்தில் மட்டும் எடுத்தால் 54.18. அமெரிக்காவில் இது 14-ஐ ஒட்டித்தான். பாதிச் செலவை ஒதுக்கிவிட்டு, விலை கட்டுக்குள் இருக்கிறது என்று அறிவித்தால் ஒட்டன்சத்திரம் சந்தையில் யார் நம்புவார்கள்? சமைத்துச் சாப்பிட முடியாத ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டு மக்களின் எதிர்பார்ப்பைப் பிடித்து நிறுத்த முடியாது. இன்னொன்றும் உண்டு. ஒரு மாதம் ஏறி இறங்கும் தக்காளி வேறு. ஓராண்டாக ஏறியே நிற்கும் துவரம் பருப்பு வேறு. பின்னது ஓட்டல் சாப்பாட்டு விலையிலும், கொத்தனார் கூலியிலும், அகவிலைப்படியிலும் ஏறி உட்கார்ந்துவிடும். அந்த இரண்டாம் சுற்றுக்கு வட்டிதான் மருந்து. உணவை இலக்கில் வைத்துக்கொண்டே, எது போய்விடும், எது தங்கிவிடும் என்று பிரித்துப் பார்ப்பதே குழுவின் வேலை.

கேள்வி: செய்தியில் பணவீக்கம் 2 சதவீதம் என்கிறார்கள். என் வீட்டுச் செலவு 10 சதவீதம் ஏறியிருக்கிறது. யார் பொய் சொல்கிறார்கள்?
– வங்கி ஊழியர், சேலம்

யாரும் இல்லை. உங்கள் கூடை வேறு, குறியீட்டின் கூடை வேறு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் உங்கள் வீட்டில் பாதி என்றால், உங்கள் பணவீக்கத்தை அவைதான் தீர்மானிக்கும். இன்னொரு குழப்பம், ஏற்றமும் விலையும் ஒன்று என்று நினைப்பது. வெங்காயம் போன ஆண்டு 40-லிருந்து 80 ஆகி, இந்த ஆண்டும் 80 என்றால், இந்த ஆண்டு வெங்காயப் பணவீக்கம் பூஜ்ஜியம். உங்கள் பையிலிருந்து போவது அதே 80. இலக்கு ஏறும் வேகத்துக்குத்தான். ஏறிய விலையைத் திருப்பி இறக்கித் தருவதாக எந்த மத்திய வங்கியும் வாக்குக் கொடுப்பதில்லை.

ரிசர்வ் வங்கி சென்னை உட்படப் பல நகரங்களில் வீடுகளிடம், விலை எவ்வளவு ஏறுகிறதென்று நினைக்கிறீர்கள் என்று கேட்டுக் கணக்கெடுக்கிறது. அதில் வரும் எண் வழக்கமாக அரசு எண்ணைவிட மேலேதான் நிற்கும். அதன் அளவைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையே குழு கவனிக்கிறது.

கேள்வி: இலக்கு 4 என்றால் 2 முதல் 6 வரை எப்படிச் சரியாகும்? 6-லேயே உட்கார்ந்துகொண்டு 'எல்லைக்குள் இருக்கிறோம்' என்று சொல்லலாமே? தவறினால் தண்டனை என்ன?
– வழக்கறிஞர், மதுரை

ஓட்டை இருக்கும் இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள்.

இரு பக்கமும் 2 புள்ளி விட்டதற்கு நேர்மையான காரணம் உண்டு. எல்லை வகுத்தபோது கூடையில் ஏறக்குறைய பாதி உணவு. மழை தப்பினால் விலை துள்ளும். எல்லையை 3 முதல் 5 என்று இறுக்கினால் பாதிக் காலம் வெளியேதான் நிற்போம், அடிக்கடி தவறும் இலக்கை யாரும் மதிக்கமாட்டார்கள். நிறைய அகட்டினால் இலக்கு என்ற சொல்லுக்கே பொருள் இல்லை. அதனால் கடந்த கால ஆட்டத்தின் அளவைப் பார்த்து அகலத்தைத் தீர்மானிக்கிறார்கள்.

ஆனால் எல்லை, நடுப்புள்ளியின் வேலையைத் தின்றுவிடும் ஆபத்து உண்மை. மேல் விளிம்பிலேயே நடந்தால், ஒரு சின்னத் தள்ளலில் வெளியே விழுவோம். 2022-ல் விழுந்தோம். ஏற்கனவே 6-ஐ ஒட்டி இருந்த பணவீக்கத்தை உக்ரைன் போர் தள்ளிவிட்டது. காலாண்டுச் சராசரி 6.3, 7.3, 7 என்று தொடர்ந்து மூன்று முறை எல்லையைத் தாண்டியது.

சட்டத்தில் 'தோல்வி' என்றால் அதுதான்: தொடர்ந்து மூன்று காலாண்டு, ஒவ்வொன்றின் சராசரியும் எல்லைக்கு வெளியே. இரண்டு காலாண்டு 7, மூன்றாவது 5.9 என்றால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தோல்வி என்றால் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 45இசட்என் பிரிவின்படி மூன்று விஷயங்களை எழுதி மத்திய அரசுக்கு அனுப்ப வேண்டும்: ஏன் தவறியது, என்ன செய்யப் போகிறோம், எப்போது இலக்குக்குத் திரும்புவோம். அவ்வளவுதான், அபராதமும் இல்லை, பதவி நீக்கமும் இல்லை. 2022 நவம்பர் 3 அன்று குழு இதற்காகவே தனியாகக் கூடியது. கடிதம் அரசுக்குப் போனது; மக்களுக்குக் காட்டப்படவில்லை. பிரிட்டனில் ஒரு புள்ளிக்கு மேல் விலகினாலே மத்திய வங்கி கவர்னர் நிதியமைச்சருக்குப் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நம் சட்டத்தில் முதலில் திருத்த வேண்டியது இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

வழக்கறிஞர் என்பதால் ஒரு துணுக்கு: 2020-லும் எண் 6-க்கு மேல் நின்றது. ஆனால் ஊரடங்கில் ஏப்ரல், மே மாதங்களுக்கு விலை நேரில் திரட்ட முடியாமல் ஊகித்து நிரப்பியிருந்தார்கள். அதைத் தொடர் அறுந்ததாக எடுத்துக்கொண்டு, தோல்விக் கணக்கில் சேர்க்கவில்லை.

கீழ் எல்லையும் எல்லைதான். 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25. அதுவும் எல்லைக்கு வெளியேதான், ஆனால் யாரும் கோபப்பட்டு எங்களுக்குக் கடிதம் எழுதவில்லை.

கேள்வி: இலக்கை வைப்பது அரசா, ரிசர்வ் வங்கியா?
– போட்டித் தேர்வு மாணவர், திருநெல்வேலி

45இசட்ஏ பிரிவு: ஐந்தாண்டுக்கு ஒருமுறை, ரிசர்வ் வங்கியைக் கலந்துகொண்டு மத்திய அரசு வைக்கும். அதை எட்டும் வழியை ஆறு பேர் குழு தீர்மானிக்கும். மூவர் ரிசர்வ் வங்கி, மூவர் அரசு நியமனம், சமநிலை என்றால் கவர்னருக்கு இன்னொரு ஓட்டு. ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மத்திய வங்கியே தன் எண்ணை வரையறுத்துக்கொள்கிறது. நாட்டிலேயே பெரிய கடனாளி அரசு. பணவீக்கம் ஏறினால் பழைய கடனின் பாரம் கரையும். அதனால்தான் ஆண்டுதோறும் மாற்ற விடாமல் ஐந்தாண்டுப் பூட்டு.

கேள்வி: இலங்கைக்கு 5 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். இந்தியாவைவிட ஏன் கூட?
– வணிகர், யாழ்ப்பாணம்

2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 69.8 சதவீதம் கண்ட நாடு அது. 2023-ஆம் ஆண்டின் 16-ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் வந்து, அந்த ஆண்டு அக்டோபரில் நிதியமைச்சருடன் ஒப்பந்தம் கையெழுத்தானது: காலாண்டுப் பணவீக்கம் 5, இரு பக்கமும் 2 விலகலாம், தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினால் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை. இந்தியாவில் மூன்று காலாண்டு, அறிக்கை அரசுக்கு. அந்த வகையில் இலங்கைச் சட்டம் கடுமையானது.

கூடுதல் ஒரு புள்ளிக்கு வருவோம். சிறிய, இறக்குமதியை நம்பிய பொருளாதாரத்தில் டாலர் அசைந்தால் பெட்ரோல், கோதுமை மா, பால்மா எல்லாம் உடனே அசையும். மின்கட்டணமும் எரிபொருள் விலையும் அவ்வப்போது மாற்றியமைக்கப்படுவதால் சுட்டெண் தாவும். இலக்கைக் கீழே வைத்தால், சுட்டெண் கீழ்நோக்கித் தாவும்போதெல்லாம் பணவாட்டத்தில் விழவேண்டும். 5 வைத்தும் விழுந்தது. மின்கட்டணக் குறைப்பால் 2024 செப்டம்பரிலிருந்து மாதக்கணக்கில் எண் பூஜ்ஜியத்துக்குக் கீழே கிடந்தது. அதற்காக இலக்கை இறக்கவில்லை. சரியான முடிவு, ஒருமுறை ஏற்படும் கட்டண மாற்றம் ஓராண்டில் கணக்கிலிருந்து தானே வெளியேறிவிடும்.

கேள்வி: எட்ட முடியவில்லை என்றால் இலக்கையே 6 ஆக்கிவிட்டால் எல்லோருக்கும் நிம்மதிதானே?
– சிறுதொழில் முனைவோர், கோவை

ஒருமுறை கோல் கம்பத்தை நகர்த்தினால், இன்னொரு முறையும் நகர்த்துவீர்கள் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். நீங்களே அடுத்த ஆண்டுக் கூலி ஒப்பந்தத்தையும் மூலப்பொருள் விலையையும் 6-க்கு அல்ல, 7-க்கோ 8-க்கோ பேசி முடிப்பீர்கள். கடன் கொடுப்பவர் அந்தக் கூடுதலையும் வட்டியில் ஏற்றுவார்.

துருக்கி 2012 முதல் 5 சதவீத இலக்கை வைத்திருந்தது. 2022 அக்டோபரில் அங்கே பணவீக்கம் 85-ஐத் தாண்டியது. அடுத்த மாதம் வட்டியை 9-க்குக் குறைத்தார்கள். எண் தாளில் அழகாகத்தான் இருந்தது. அதை எட்ட வட்டியைத் தொடுவார்கள் என்ற நம்பிக்கை இல்லாதபோது, 5 என்றாலும் 50 என்றாலும் ஒன்றுதான்.

மாற்றவே கூடாது என்பதும் இல்லை. பணவீக்கம் இலக்கை ஒட்டி இருக்கும் அமைதியான ஆண்டில், காரணம் சொல்லி, முன்கூட்டி அறிவித்து மாற்றலாம். கனடா ஐந்தாண்டுக்கு ஒருமுறை உட்கார்ந்து இதைத்தான் விவாதிக்கிறது. விவாதித்து முடித்து, ஒவ்வொரு முறையும் 2-லேயே கையெழுத்துப் போடுகிறது.

கேள்வி: எனக்குப் பென்ஷன் இல்லை, ஃபிக்ஸட் டெபாசிட் வட்டிதான். இந்த 4-ஆல் எனக்கு என்ன?
– ஓய்வுபெற்ற தனியார் நிறுவன ஊழியர், சென்னை

ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி, நீங்கள் 20 சதவீத வரிப் படியில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7,000. மேல்வரியோடு 20.8 சதவீதம் போனால் வரி 1,456, கையில் 5,544. பணவீக்கம் 4 என்றால், போன ஆண்டு லட்ச ரூபாய்க்கு வாங்கிய பொருளுக்கு இப்போது 1,04,000 வேண்டும். உங்களுக்கு மிஞ்சுவது 1,544. பணவீக்கம் 6 ஆனால் 456 ரூபாய் நட்டம். வரி, விலையேற்றத்துக்கு ஈடாக வந்த வட்டியையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது, அதனால் இலக்கு ஒரு புள்ளி கூடினாலும் உங்களைப் போன்றவர்களுக்கு வலி அதிகம்.

நீண்ட காலக் கணக்குக்கு 72-ஐப் பணவீக்கத்தால் வகுங்கள். விலை இரட்டிப்பாகும் ஆண்டு சுமாராக வரும். 4 என்றால் 18 ஆண்டு, 6 என்றால் 12. அறுபது வயதில் மாதம் 30,000 செலவென்றால், 78-ல் அதே வாழ்க்கைக்கு 60,000 வேண்டும். அதுவும் உங்கள் கூடையில் மருந்துச் செலவு கூடாமல் இருந்தால்.